இருட்டு பழசாகுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் எனக்குத் தபால் கார்டு எழுதியிருந்தார். பாராட்டி எழுதுகிறவர்கள் நாலு பக்கம் எழுதுவார்கள். குறை சொல்கிறவர்களுக்குக் கார்டு போதும். "ஐயா, உங்கள் கதைகளை இருபது வருஷமாகப் படித்து வருகிறேன். முன்பெல்லாம் உங்கள் கதையில் விளக்கு அணைந்தால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இப்போது விளக்கு அணைந்தால், சரி, அடுத்த பக்கத்தில் பிணம் என்று கொட்டாவி விடுகிறேன். உங்கள் இருட்டு பழசாகிவிட்டது" என்று எழுதி, கீழே தெளிவாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை கோபம் வருகிறதென்றால் கார்டில் ஏதோ உண்மை இருக்கிறது என்றுதான் அர்த்தம். பழைய வீடு, கிணற்றடி, புளியமரம், அணைகிற விளக்கு - இவற்றை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் ஜீவனம் நடத்தியிருக்கிறேன். கடைக்கு வந்த பழைய வாடிக்கைக்காரர் சரக்கை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தால் கடைக்காரனுக்கு எப்படி இருக்கும்? புதுத் தொடர்கதை ஒன்றுக்கு நாலு அத்தியாயம் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் விளக்கு அணைந்தது. காகிதங்களை அப்படியே மடித்து மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன்.

இப்படிப்பட்ட மனநிலையில்தான் அத்தை மகன் வீட்டுக் காதுகுத்துக்காக இரும்பைக்குப் போகும்படி ஆயிற்று.

இரும்பை என் தாய்வழிப் பாட்டியின் ஊர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கிக் கிழக்கே திரும்ப வேண்டும். செம்மண்ணும் பனைமரமும் முந்திரித் தோப்புமான பூமி. அந்தப் பக்கம் போகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் 1968-இல் தொடங்கிய ஆரோவில்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதை ஒட்டியே இருக்கிற இரும்பையில் ஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருப்பது பலருக்குத் தெரியாது. அம்பாளுக்குக் குயில்மொழியம்மை என்று பெயர். மூலவர் மூன்றாகப் பிளந்த லிங்கம். செம்புத் தகட்டால் இணைத்துக் கட்டியிருக்கிறது.

லிங்கம் ஏன் பிளந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. என் பள்ளிக்கூட விடுமுறைகளில் மின்சாரம் நின்றுபோன ராத்திரிகளிலெல்லாம் ஆயா அந்தக் கதையைச் சொல்லுவாள்.

கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் தவத்தில் உட்கார்ந்தார். உடம்பைச் சுற்றிப் புற்று வளர்ந்தது. பசித்தால் கையை நீட்டி உதிர்கிற பழுத்த இலையைப் பிடித்துத் தின்பார். நாட்டில் மழை பொய்த்தது. சித்தரின் தவச் சூடுதான் காரணம் என்று ராஜா நினைத்தான். தவத்தைக் கலைக்க ஒரு தாசியை அனுப்பினான். அவள் கெட்டிக்காரி, ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. இலைக்குப் பதிலாக மெல்லிசான அப்பளத்தை அந்தக் கையில் வைத்தாள். நாளாக நாளாக நாக்குக்கு ருசி தெரிந்தது. சித்தர் கண்ணைத் திறந்தார். மழையும் பெய்தது. ராஜா கோயிலில் விழா எடுத்தான். சுவாமிக்கு முன்னால் அந்தப் பெண் ஆடும்போது காற்சலங்கை கழன்று விழ, சித்தர் எழுந்து போய் அதை எடுத்து அவள் காலில் கட்டிவிட்டார். சபை சிரித்தது. சித்தருக்குக் கோபம் மூண்டது, பாடினார், லிங்கம் வெடித்துச் சிதறியது. ராஜா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்ட பிறகு சில்லுகள் ஒன்று சேர்ந்தன. ஆனால் பிளவு போகவில்லை, நிலத்துக்கு விழுந்த சாபமும் போகவில்லை.

இதுதான் கதை. லிங்கம் வெடிக்கப் போகிறது என்பது எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். பகலில் போய்ச் செம்புத் தகட்டையும் பார்த்துவிட்டு வந்தவர்கள்தானே! ஆனாலும் சலங்கை கழன்று விழுகிற இடம் வந்தால் நானும் என் மாமன் பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொள்வோம். ஆயா ஒரு நாள் சொன்னபடி மறுநாள் சொல்ல மாட்டாள். ஒரு நாள், "அந்தப் பொம்பளை இன்னா பண்ணுவா ராசா, அரமனையில சொன்னாங்க, போனா" என்பாள். இன்னொரு நாள் சித்தர் கட்சி: "சலங்கை கழண்டா ஆட்டம் நின்னுபுடுமேன்னு எடுத்துக் கட்டுனாரு. அதுல இன்னா தப்பு?" வேறொரு நாள் சபையின் மேல் பாய்வாள்: "அவரு கண்ணைத் தொறந்ததால பேஞ்ச மழைத் தண்ணியைக் குடிச்சிட்டு அவரையே பாத்துச் சிரிச்சாங்க பாரு!"

அதே வீட்டு எதிர்ச்சாரியில்தான் 1980-களின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவுக்கே பொதுவாயிருந்த டெலிவிஷன் பெட்டியில் நான் முதல் முதலாக 'அந்த நாள்' படம் பார்த்தேன். எடுத்தவுடன் ஒரு துப்பாக்கி வெடிச்சத்தம், சிவாஜி கணேசன் விழுந்து செத்துப்போகிறார். கதாநாயகன் முதல் காட்சியிலேயே செத்துப் போனால் மீதிப் படத்தில் என்னதான் இருக்கும் என்று எனக்குத் திகைப்பு. பாட்டு வரும் வரும் என்று காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஆயா மட்டும் போகவில்லை. படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் கொலைகாரன் யார், யார் என்று நச்சரித்தேன். ஆயா, "யாரா இருந்தா இன்னாடா? அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்தியா?" என்று மட்டும் சொன்னாள். பண்டரிபாயின் முகத்தைச் சொன்னாள். அப்போது அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை.

இந்த முறை இரும்பைக்குப் போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோது, தபால் கார்டும் 'அந்த நாள்' படமும் சேர்ந்து ஞாபகம் வந்தன. தமிழில் இருட்டை வைத்துப் படம் எடுத்தவர் என்று பெயர் வாங்கிய முதல் மனிதர் அந்தப் படத்தின் டைரக்டர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய இருட்டும் பழசாயிற்றா? பழசாயிற்று என்றால் எப்போது, ஏன்? என் கார்டுக்குப் பதில் அதில் கிடைக்கலாம் என்று தோன்றியது.

பாலசந்தர் இருட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அதன் வம்சாவளி பெரியது. முதல் உலக யுத்தத்தில் தோற்றுப் பசியும் பட்டினியுமாய்க் கிடந்த ஜெர்மனியில், 1920-இல் 'டாக்டர் காலிகாரி' பற்றிய ஊமைப்படம் வந்தது. அதில் தெருவும் வீடும் கோணல் மாணலாக நிற்கும். நிழலைக்கூடத் திரையில் வண்ணத்தால் எழுதி வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து முர்னா எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் இரத்தம் குடிக்கிற பிரபுவின் நிழல் மட்டும் மாடிப்படி ஏறிப் போகும். ஆளைப் பார்ப்பதைவிட அது பயங்கரம். 1933-இல் ஹிட்லர் வந்ததும் இந்தத் தொழில் தெரிந்தவர்களில் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோன நிழல்தான் 1940-களின் அமெரிக்கத் துப்பறியும் படங்களில் ஜன்னல் கம்பிகளின் கோடுகளாகக் கதாநாயகன் முகத்தில் விழுந்தது.

நம் நாட்டுக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. 1934-இல் ஹிமான்சு ராய் தொடங்கிய பம்பாய் டாக்கீஸில் ஜோசப் விர்ஷிங் என்ற ஜெர்மன் ஒளிப்பதிவாளர் வேலைக்கு வந்தார். இரண்டாவது யுத்தத்தின்போது எதிரி நாட்டுக்காரர் என்று அவரைக் காவலில் வைத்தார்கள். யுத்தம் முடிந்தும் அவர் இந்தியாவை விட்டுப் போகவில்லை. 1949-இல் கமால் அம்ரோஹி எடுத்த 'மஹல்' படத்துக்கு அவர்தான் காமிரா. பாழடைந்த மாளிகை, ஊஞ்சல், எங்கிருந்தோ வருகிற பெண் குரல் - பேய் மாளிகைப் படங்களுக்கு இந்தியாவில் அதுதான் பிள்ளையார் சுழி.

சென்னையில் அந்த வாடையே இல்லாத காலம் அது. இருட்டு என்றால் கதாநாயகி நிலாவைப் பார்த்துப் பாடுவதற்கான நேரம், அவ்வளவுதான். படத்துக்குப் பத்துப் பாட்டு குறைந்தால் கொட்டகைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

பாலசந்தர் 1927-இல் பிறந்தவர். 1934-இல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் அண்ணன் எஸ். ராஜம் ராமராக நடிக்க, ஏழு வயதுத் தம்பி இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கிற பையனாக வந்தான். வாத்தியங்களைக் குரு இல்லாமல் தானே பழகிக்கொண்டான். கடைசியில் வீணை அவனைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்து சினிமாவில் நடித்தார், இசையமைத்தார், டைரக்டர் ஆனார். 1952-இல் இந்தியாவில் முதல் முறையாகச் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்த அந்த விழாவில் அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' படமும் காட்டப்பட்டது. ஒரே கொலையை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிற படம். 1954 சித்திரை வருஷப் பிறப்பன்று, ஏப்ரல் 13-ஆம் தேதி, ஏவி.எம். தயாரிப்பில் பாலசந்தரின் 'அந்த நாள்' வெளிவந்தது. ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை. சண்டையும் இல்லை.

படம் நடப்பது 1943-இல். சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்டு, பணம் உள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூருக்கு ஓடின நாட்கள். ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். எதிர்வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ராஜனுக்குப் பழக்கமான ஒரு பெண், கடைசியில் மனைவி உஷா என்று ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவர் சொல்கிற கதையிலும் ராஜன் வேறு வேறு ஆள். மாருதி ராவின் காமிரா அவன் முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்தது. மறுபாதியை நாமாக யோசித்துக்கொள்ள வேண்டும். வசூல் பிரமாதமாக இல்லை. ஆனால் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. தமிழ்ப் படங்களின் சரித்திரத்தை யார் எழுதினாலும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கும்படி ஆயிற்று.

எழுபது வருஷத்துக்கு மேலான படம், ஆகையால் முடிவைச் சொல்வதில் பாவமில்லை. ராஜன் ஜப்பானுக்கு ஒற்று வேலை பார்த்தவன். ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவான ரேடியோ செய்ய வேண்டும் என்று கனவு கண்டு, ஆதரவு கிடைக்காமல், அந்தக் கசப்பில் நாட்டை விற்கத் துணிந்தவன். அதைக் கண்டுபிடித்த மனைவியின் கையில் இருந்த துப்பாக்கிதான் வெடித்தது. பெண் என்றால் கணவனுக்காக யமனோடு வாதாட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், காதலித்துக் கைப்பிடித்த கணவனுக்கும் நாட்டுக்கும் நடுவே நிற்கிற ஒரு மனைவியை எழுதிவிட்டார்கள். படத்தின் இருட்டெல்லாம் அவளுடைய வீட்டு இருட்டு. கல்லூரி நாட்களில் புதுச்சேரியில் ஒரு கடையில் குறுந்தகடு வாடகைக்கு எடுத்து, விட்டுப்போன அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்த்தேன். கொலை செய்தது யார் என்று தெரிந்ததும் படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டேன். இரண்டாவது முறைதான் பண்டரிபாயின் முகத்தைப் பார்த்தேன். விசாரணை முழுவதும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற முகம். ஆயா மின்சாரம் நிற்பதற்கு முன்பே அதைப் பார்த்திருக்கிறாள்!

பிறகு என்ன ஆயிற்று? பாலசந்தர் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கினார். 1962-இல் 'அவனா இவன்'. இயக்கம், இசை, நடிப்பு எல்லாம் அவரே. 1964-இல் 'பொம்மை'. வெடிகுண்டை வைத்துத் தைத்த ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிப் பட்டணம் முழுக்கச் சுற்றுகிறது. எந்தக் குழந்தையின் மடியில் எப்போது வெடிக்குமோ என்று நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். ஏசுதாஸ் தமிழில் முதல் முதலாகப் பாடியது இந்தப் படத்தில்தான். முடிவில் திரைக்குப் பின்னால் வேலை பார்த்தவர்களையெல்லாம் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி நமக்கு அறிமுகம் செய்துவைத்தார் பாலசந்தர். வித்தை காட்டுகிறவன் கடைசியில் சட்டைக் கையை மடித்துக் காட்டுகிற மாதிரி! நான் ரசித்துப் பார்த்த படம் அது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது முறை பார்த்தபோது நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். குண்டு எங்கே வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு பொம்மைக்குள் வேறொன்றும் இல்லை.

இதற்குள் ஊரெல்லாம் இருட்டுக் கடை திறந்துவிட்டார்கள். 1963-இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' வந்தது. பூர்வஜன்ம ஞாபகம், பாழ் வீடு, வின்சென்ட்டின் அற்புதமான காமிரா. 1966-இல் 'யார் நீ?' வந்தது, வெள்ளைப் புடவை, மழை, நடுராத்திரிப் பாட்டு - இந்தியிலிருந்து வந்த பேய். 1967-இல் அதே ஏவி.எம். 'அதே கண்கள்' எடுத்தது. இப்போது கொலைகாரனின் கண்களைக் கலரிலேயே பார்க்கலாம்! இவற்றில் நல்ல படம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலாவது இன்றைக்கும் அழகு. ஆனால் பாலசந்தர் ஒருவர் மட்டும் விற்ற சரக்கு மூலைக்கு மூலை கிடைக்க ஆரம்பித்தது. ரசிகனுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது; ஜன்னல் கதவு அடித்துக்கொண்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும், வயலின் கீச்சிட்டால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று. பழகிப்போன பயத்துக்குப் பெயர் பயம் அல்ல.

அந்தச் சமயத்தில்தான் பாலசந்தர் 'நடு இரவில்' எடுத்தார். அகாதா கிறிஸ்டியின் பிரசித்தமான நாவலைத் தழுவியது. தனி வீடு, கூடி வந்த உறவினர்கள், ஒவ்வொருவராகச் செத்து விழுவது. சௌகார் ஜானகி, மேஜர் சுந்தரராஜன் இவர்களோடு பண்டரிபாயும் இருந்தார். எடுத்து முடித்த படம் வாங்க ஆளில்லாமல் சில வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடந்து, 1970-இல்தான் கொட்டகைக்கு வந்தது. அதற்குள் கலர்ப் படங்கள் பெருகிவிட்டன. படத்தில் தொழில் திறமைக்குக் குறைவே இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன் சிவாஜியின் பாதி முகத்தை மறைத்த அதே கைதான். ஆனால் அந்த இருட்டுக்குள் இப்போது ஒரு கேள்விதான் இருந்தது: அடுத்தது யார்? விடை தெரிந்ததும் இருட்டும் காலி.

'அந்த நாள்' பாணி பழசாயிற்றா என்று கேட்டால், என் அபிப்பிராயம் இதுதான். பாணி பழசாகவில்லை. உள்ளே வைத்த பொருள் சிறுத்துப் போயிற்று. 1954-இல் அந்த இருட்டுக்குள் ஒரு யுத்தம் இருந்தது, ஒரு தாம்பத்தியம் இருந்தது, அவமானப்பட்ட ஒரு புத்திசாலியின் கசப்பு இருந்தது. 1964-இல் ஒரு வெடிகுண்டு இருந்தது. 1970-இல் ஒரு விடுகதை இருந்தது.

'நடு இரவில்' படத்துக்குப் பிறகு பாலசந்தர் படம் இயக்கவில்லை. நாற்பது சொச்சம் வயது, என் வயதுதான். மீதி இருபது வருஷத்தையும் வீணைக்குக் கொடுத்தார். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களையும் வாசித்து இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். 1982-இல் பத்ம பூஷண் வந்தது. 1990-இல் பிலாய் நகரத்தில் இறந்தார். 'அந்த நாள்' வெளியான அதே ஏப்ரல் 13-ஆம் தேதி.

எனக்கு இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஒரு வித்துவான் கல்யாணியை ஐம்பது வருஷம் வாசிக்கிறார். கேட்கிறவர்களுக்கு ஆரோகண அவரோகணம் மனப்பாடம். யாராவது "உங்கள் கல்யாணி பழசாகிவிட்டது" என்று கார்டு எழுதுகிறார்களா? சினிமாவில் நாலு படத்தில் தீர்ந்து போன மனிதருக்கு வீணையில் ஏன் தீரவில்லை? ராகத்தில் மறைத்து வைக்க ஒன்றும் இல்லை. அது கல்யாணி என்பது முதல் பிடியிலேயே சபைக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் கச்சேரி ஆரம்பம். அடுத்த சங்கதி எப்படி விழும் என்பது வாசிக்கிறவருக்கே நிச்சயமில்லை. என் ஆயாவும் கதை சொல்லும்போது அப்படித்தான். லிங்கம் வெடிக்கும் என்பதை அவள் மறைத்ததே இல்லை. தப்பு யார் பேரில் என்பதுதான் அவளுக்குத் தீரவில்லை. நூறு தடவை சொல்லியும் தீரவில்லை.

ஆக எனக்குக் கிடைத்த உரைகல் இதுதான்: முடிவு தெரிந்த பிறகும் உள்ளே போகத் தோன்றுகிறதா?

இந்தக் கல்லில் இந்தக் காலத்தவர்களையும் உரைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் டிம் பர்ட்டன் என்ற டைரக்டர் பற்றி இதே புகார் உண்டு. முறுக்கிக்கொண்ட மரம், வெளுத்த முகம், கறுப்பு உடை. எல்லாம் பார்த்ததுதான் என்கிறார்கள். 1990-இல் அவர் எடுத்த படத்தில் ஓர் அப்பாவிப் பையனுக்குக் கைகளுக்குப் பதில் கத்தரிக்கோல்கள். தொட்டால் காயம், தொடாவிட்டால் ஏக்கம். அந்தப் படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். 2012-இல் வந்த 'டார்க் ஷேடோஸ்' படத்தில் அதே வெளுத்த முகம் இருந்தது. எனக்கு அந்த ஏக்கம் தெரியவில்லை.

நம் ஊரில் மிஷ்கினையும் பாலாவையும் அப்படியே சொல்கிறார்கள். மிஷ்கின் என்றால் ராத்திரித் தெரு, தரையை ஒட்டிய காமிரா, நடந்து போகிற கால்கள் என்று ஒரு பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் 2013-இல் வந்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில், 'அந்த நாள்' போலவே பாட்டு ஒன்றும் இல்லாத படத்தில், மயானத்தில் உட்கார்ந்து ஓநாய் தன் கதையைத் தானே சொல்கிற இடம் வருகிறதே, அது எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது. அடுத்த வருஷத்துப் 'பிசாசு' படத்தில் பேய் பழிவாங்க வரவில்லை; தன் சாவுக்குக் காரணமானவனின் வீட்டையே காவல் காக்கிறது. அது தெரிந்த பிறகு முதல் பாதியை மறுபடி பார்த்தால், முன்பு பயந்த இடத்திலெல்லாம் தொண்டை அடைக்கும். பாலாவின் 'பிதாமகன்' 2003-இல் வந்தது. வெட்டியான் வளர்த்த பையன் சிநேகத்தைக் கற்றுக்கொள்கிற கதை. அந்தச் சுடுகாடு அவனுக்கு வீடு. பிந்திய படங்கள் சிலவற்றில் துயரம் வருவதற்கு முன்பே எனக்குத் துயரத்தின் அறிவிப்பு வந்துவிடுகிறது. ஒரே மனிதரின் ஒரே பாணியில் ஒன்று நிற்கிறது, ஒன்று நிற்கவில்லை என்றால் பாணியின் மேல் எப்படிப் பழி போடுவது?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே மாலையில் கோயிலுக்குப் போனேன். காதுகுத்தின குழந்தை மாமன் தோளில் விசும்பிக்கொண்டிருந்தது. கர்ப்பக்கிருகத்தில் எப்போதும் போல இருட்டு. குருக்கள் தட்டை உயர்த்தினார். கற்பூர வெளிச்சத்தில் செம்புத் தகடு ஒரு கணம் பளிச்சென்றது. ஊர்க்காரர்கள் எல்லோரும் ஆயிரம் தடவை பார்த்த பிளவு அது. ஆனாலும் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் நுனிக்காலில் எம்பி, தலையை ஒருக்களித்து எட்டிப் பார்த்தாள். குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஊருக்குத் திரும்பியதும் டிராயரைத் திறந்தேன். என்னுடைய பழைய கதைத் தொகுதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். தன் கதையைத் தானே உரைத்துப் பார்ப்பதைப் போல வேதனையான வேலை வேறில்லை. பலவற்றை நாலாவது பக்கத்திலேயே மூடிவிட்டேன். நன்றாக ஓடின தொடர்கதை ஒன்று, வாரா வாரம் கடிதங்கள் குவிந்த கதை, இரண்டாம் முறை படிக்கும்போது வெறும் காலிப் பெட்டியாக இருந்தது. யாரும் கவனிக்காமல் போன ஒரு சிறுகதை மட்டும் தாங்கியது. அண்ணனைக் கிணற்றில் தள்ளிய தம்பி, அதே கிணற்றுத் தண்ணீரை அண்ணன் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் இறைத்து ஊற்றுகிற கதை. அதில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

கார்டு எழுதிய அன்பருக்கு நான் தனியாகப் பதில் போடவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில். டிராயரில் இருந்த நாலு அத்தியாயங்களையும் கிழித்துவிட்டேன். தொடரைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய வீடு இருக்கிறது, கிணற்றடி இருக்கிறது, புளியமரத்தையும் விட மனம் வரவில்லை. ஆனால் கொலை செய்தது யார் என்பதை முதல் அத்தியாயத்தின் முதல் பாராவிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு மேலும் அவர் படிக்கிறாரா என்பதை அவர்தான் எழுத வேண்டும். கார்டே போதும்.